பூ வைத்த பீப்பாய்கள்

போன கிழமை நிஷாந்தன் போன் எடுத்தான். நான் ஓய்வுபெற்ற கம்பனியில் இப்போது விமானப் பொறியியலாளராக இருப்பவன். வயதைப் பார்த்தால் நான் அவனுக்கு மாமா முறை வரவேண்டும். ஆனால் விமானக் கொட்டகையில் தமிழர் எல்லோரும் ஒருவருக்கொருவர் அண்ணைதான்.

"அண்ணை, இஞ்சை புதுச் சட்டம் ஒண்டு வந்திருக்கு. விமானத்தை விடேலாது எண்டு நாங்கள் சொன்னா, அந்த இடத்திலையே காரணமும் சொல்லோணுமாம். காரணம் சொல்லத் தெரியாட்டி அதைக் கணக்கிலை எடுக்க மாட்டினமாம். உங்கடை காலத்திலை எப்பிடி?"

"எங்கடை காலத்திலை ஒரு கப்டன் இருந்தவர்..." என்று நான் தொடங்கியதுதான் தாமதம், குசினிக்குள் இருந்து என் மனைவி தவம் குரல் கொடுத்தாள்.

"தம்பி, சாப்பிட்டிட்டோ எடுத்தனீர்? இது இப்போதைக்கு முடியாது!"

அவள் சொன்னது சரி. அவனுடைய இடைவேளை முடிந்துவிட்டது, என் கதை விமானத்தில் ஏறக்கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நிஷாந்தனுக்காக எழுதுகிறேன் என்று சொன்னாலும், உண்மையில் கப்டன் கிரஹாமுக்கு நான் சொல்லவேண்டிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது.

நான் படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் சுவாரசியம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, லண்டனில் அகதி மனுப் போட்டுவிட்டு, பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தேன். பகலில் விமான இயந்திரப் படிப்பு. பெற்றோல் நிலைய முதலாளி எங்கள் ஆள்தான். அவர் எனக்குத் தந்த ஒரே பயிற்சி, மழை பெய்து விட்டால் முதலில் நிலத்தடித் தாங்கிக்குள் கோல் விட்டுப் பார்க்கவேண்டும் என்பது. கோலின் நுனியில் ஒரு பசை பூசி இறக்குவோம். அடியில் தண்ணீர் இறங்கியிருந்தால் பசை நிறம் மாறும். லண்டனில் எந்த நாள் மழை இல்லை? நான் அந்தக் கோலோடுதான் குடும்பம் நடத்தினேன். எரிபொருளுக்குப் பக்கத்தில் ஈரத்தைக் கண்டால் வயிறு கலங்கும் பழக்கம் அப்போது வந்தது. அது இன்னும் போகவில்லை.

அதே காலத்தில்தான் குடிவரவு அதிகாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னதும். ஏன் வந்தாய், ஏன் அன்றைக்கு, ஏன் அந்த வழியால், அதற்கு என்ன ஆதாரம்? பயம் என்று சொன்னேன். பயத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கடைசியில் இருக்க விட்டவர்களும் அவர்கள்தான். ஆனால் ஒரு மனிதன் தன் வயிற்றில் உணர்வதை நிரூபித்துக் காட்டும்வரை அது பொய் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு நாற்காலி உண்டு. நான் அதில் உட்கார்ந்தவன்.

உரிமம் கிடைத்ததும் லண்டனுக்குத் தெற்கே ஒரு சிறிய கம்பனியில் சேர்ந்தேன். இரட்டை இயந்திரச் சிறு விமானங்களை, விமானிகளும் பொறியியலாளரும் சேர்த்து, வாடகைக்குக் கொடுக்கும் கம்பனி. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் பசிபிக் கடலில் ஒரு தீவுக் கூட்டத்துக்கு ஒரு விமானம் போனது. அதோடு நானும் போனேன். சில கிழமை அங்கே, சில கிழமை லண்டனில் விம்பிள்டன் வீட்டில் என்று மாறி மாறிப் பல வருடம் ஓடியது. அங்கே விடியும்போது இங்கே முதல் நாள் மாலை. தவம் போனில் கேட்பாள்:

"இஞ்சாருங்கோ, நீங்கள்தான் நாளைக்குப் போயிட்டியளே, நாளைக்கு இஞ்சை என்ன கறி எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அந்தத் தீவுகள் பவளப் பாறையில் உண்டானவை. மேலே இருந்து பார்த்தால் யாரோ கழற்றி வைத்த காப்புப் போலக் கிடக்கும். நடுவில் பச்சைத் தண்ணீர், சுற்றி ஒடுக்கமான நிலம், அதற்கு வெளியே முடிவில்லாத கடல். இறங்குபாதை, நொறுங்கிய பவளத்தை இறுக்கிப் போட்ட ஒரு வெள்ளைத் தெரு. அது விமானத்துக்கு மட்டுமானதல்ல. பிள்ளைகள் அதில் விளையாடுவார்கள், பெண்கள் பாய் காயப்போடுவார்கள், பன்றிகள் தங்களுக்கு வேண்டிய நேரம் கடந்து போகும். விமானச் சத்தம் கேட்டால், மரத்தில் தொங்கும் பழைய காஸ் சிலிண்டரை ஒருவர் இரும்பால் அடிப்பார். எல்லாம் ஒதுங்கும். பன்றி மட்டும் கொஞ்சம் யோசித்து ஒதுங்கும்.

ஆட்களை அங்கே நிறுத்தித்தான் விமானத்தில் ஏற்றுவோம். நிறுத்துவது என்றால் தராசில். குறுகிய பாதையிலிருந்து எழும்பவேண்டும், ஆகவே மனிதர், பெட்டி, கோழி எல்லாம் தராசில் ஏறும். அங்கத்தைய பெண்கள் இதற்குக் கூச்சப்படுவதில்லை. எடை கூடினால் கூட்டம் கைதட்டும்.

இறங்குபாதையைப் பார்த்துக்கொள்பவன் தெபூக்கா. சிலிண்டர் அடிப்பது, தராசு பார்ப்பது, எரிபொருள் பம்ப் அடிப்பது எல்லாம் அவனே. அவனுடைய மனைவி மெரே எங்கேயும் பயணம் போகாதவள். ஆனாலும் நாங்கள் வரும் ஒவ்வொரு முறையும் தராசில் ஏறி நின்று, தன் எடையைத் தீவுக்கு அறிவித்துவிட்டு, சுட்ட மீனும் இளநீரும் தந்துவிட்டுப் போவாள். அங்கே பரிசை மறுப்பது பெரிய அவமரியாதை. கப்டன் கிரஹாம் எடைக் கணக்குப் போடும்போது முதலில் பரிசுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் போடுவார்.

கப்டன் நியூசிலாந்துக்காரர். நெட்டை, வழுக்கை, தன் சட்டையைத் தானே அயர்ன் பண்ணுபவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது அவசரப்படுத்தினால் தேத்தண்ணி கேட்பார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எத்தனையோ வருடமாக எனக்குள் அது எங்கள் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தீவுகளில் எரிபொருள் நிரப்ப முன் ஒரு தடவை, இயந்திரத்தை இயக்க முன் ஒரு தடவை, இறக்கைக்குக் கீழே எங்களை நிறுத்துவார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். பிறகு பதவியில் குறைந்தவரிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்பார். முதலில் என்னை.

"சிவா, திருப்தியோ?"

பிறகு துணை விமானியை. அவர் சூசன், லீட்ஸ்காரப் பெண்மணி. கடைசியில் தன்னைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்வார். பெரியவர் முதலில் ஓம் என்று சொல்லிவிட்டால் சின்னவனுக்கு வாய் வராது, அதனால்தான் இந்த ஒழுங்கு. நான் சேர்ந்த முதல் நாளே விதியை விளங்கப்படுத்தினார்.

"ஓம் எண்டா போவம். இல்லை எண்டா நிப்பம். ஏன் எண்டு அடுத்த தரையிலை இறங்கின பிறகுதான் கேப்பன். அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கக் கூடாது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் என்னிடம் திருப்தியா என்று கேட்ட முதல் ஆள் அவர். ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் திருப்தியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் தெபூக்காவின் தீவிலிருந்து வானொலியில் அழைப்பு வந்தது. மெரேக்குக் குடல்வால் வெடித்துவிட்டது என்று அங்கத்தைய தாதி சொன்னார். வயிறு பலகையாக இறுகிவிட்டது, காய்ச்சல் ஏறுகிறது, இருட்ட முன் வைத்தியசாலை உள்ள தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அந்த வைத்தியசாலைத் தீவின் இறங்குபாதையில் விளக்கு இல்லை. சூரியன் விழுந்தால் அது கடலோடு கடலாகிவிடும். வேறு இறங்க இடமும் இல்லை.

போனோம். திரும்பி வருவதற்கான எரிபொருளைக் கொண்டுபோக முடியாது. அந்தப் பாரத்தோடு அந்தக் குறுகிய பாதையில் இறங்க ஏலாது. அதற்காகத்தான் தீவுகளில் இரும்புப் பீப்பாய்களில் எரிபொருள் வைத்திருப்பார்கள். எங்கள் பேச்சில் பரல். கப்பலில் வரும் அந்தப் பீப்பாய்களைப் படுக்கையாகத்தான் போட்டு வைக்கவேண்டும் என்பது விதி. தெபூக்காவின் பீப்பாய்கள் எப்போதும் கறள் பிடித்து, துரு நிறமாகப் புல்லுக்குள் எருமைகள் போலப் படுத்துக் கிடக்கும்.

அன்றைக்கு இறங்கி ஓடி நின்றபோது நான் முதலில் பார்த்தது அவற்றைத்தான். எல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பூக்கள் வைத்திருந்தார்கள்.

"மந்திரி வாறார் எண்டவை. போன கிழமை முழுக்க நான்தான் கழுவினனான்," என்று தெபூக்கா சொன்னான். அவன் கண் மெரேயில்தான் இருந்தது. இறக்கையின் நிழலில் அவளைப் பாயோடு தூக்கி வந்து கிடத்தியிருந்தார்கள். தராசில் ஏறிச் சிரிக்கும் அந்தப் பெரிய பெண், முழங்காலை மடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தாள். ஊரே சுற்றி நின்றது.

சூசன் ஒரு பீப்பாயில் பம்பைப் பொருத்தி, முதல் அடியில் வந்ததைக் கண்ணாடிச் சாடியில் பிடித்தார். அதுதான் முறை. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே பிரியும், நடுவில் ஒரு கோடு தெரியும். அவர் சாடியை வெயிலுக்குப் பிடித்தார். தெளிவு. கோடு இல்லை. எனக்கும் காட்டினார். கோடு இல்லைத்தான்.

தெபூக்கா பம்பின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்டன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"சிவா, திருப்தியோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"இல்லை," என்றேன்.

எனக்கே திடுக்கிட்டது. சாடி தெளிவாக இருக்கிறது, நேரம் போகிறது, ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு சொல் கிடையாது. பீப்பாய்கள் விதியை மீறி நிமிர்ந்து நின்றதே அந்த அவசரத்தில் எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை. பார்க்கிங் மழையில் கோலோடு நிற்கும்போது வயிறு கலங்குமே, அது மட்டும்தான் இருந்தது. சூசன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபமில்லை, நம்ப முடியாத பார்வை. தெபூக்காவுக்கு நான் சொன்னது விளங்கியதும் அவன் முகம் ஒடிந்தது.

"ஏன்? ஏன் இல்லை? அவள் நெருப்பா எரியிறாள், சேர்!"

இனிக் கப்டனும் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அந்தப் பழைய நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தது போல இருந்தது. ஆனால் அவர் கேட்கவில்லை.

"சரி," என்றார். இறக்கையில் ஏற்றியிருந்த குழாயைத் தானே எடுத்துக் கீழே வைத்தார். "தெபூக்கா, கையை எடு. சிவா, உனக்கு என்ன வேணுமோ செய்."

அவ்வளவுதான். இதைப் படிக்கும் நிஷாந்தனுக்குச் சொல்கிறேன், கவனி. அவர் ஏன் என்று கேட்டிருந்தால் நான் ஏதாவது ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லப் பார்த்திருப்பேன். அது நொண்டியாக இருந்திருக்கும். சூசன் நியாயமாகவே அதை உடைத்திருப்பார். நான் மன்னிப்புக் கேட்டு ஓம் என்றிருப்பேன். அவர் கேட்காததால் என் மூளை என்னைக் காப்பாற்றும் வேலையை விட்டுவிட்டு, பீப்பாயைப் பார்க்கப் போனது.

பூக்களைத் தொட்டேன். ஈரம். பீப்பாயின் தலையில், விளிம்புக்குள்ளே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மூடி அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. மழைத் தண்ணீர். அது போதாதென்று, பூ வாடக் கூடாது என்று தெபூக்கா காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தும் இருக்கிறான். பகல் வெயிலில் பீப்பாய் சுடும், உள்ளே இருக்கும் காற்று மூடி வழியே வெளியே போகும். இரவில் குளிரும்போது அதே வழியால் உள்ளே இழுக்கும். மேலே காற்று இருந்தால் காற்றை இழுக்கும், தண்ணீர் நின்றால் தண்ணீரை இழுக்கும். படுக்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியென்றால் சாடியில் ஏன் கோடு இல்லை? அப்போதுதான் விளங்கியது. சாடியை வாங்கிக்கொண்டு விமானத்தடிக்கு ஓடினேன். எங்கள் தாங்கியிலிருந்து கொஞ்சம் நல்ல எரிபொருளை அதே சாடிக்குள் இறக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சாடியின் நடுவில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. முன்பு அதில் இருந்தது முழுக்கத் தண்ணீர். முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து வரும்?

சூசன் தலையில் கை வைத்தார். தெபூக்கா கோட்டைப் பார்த்தான், பூக்களைப் பார்த்தான், பிறகு மெரேயைப் பார்த்தான். பம்புக்குப் பக்கத்தில் அப்படியே மண்ணில் இருந்துவிட்டான்.

"நான்தான் கழுவினனான். நான்தான் நிமித்தி வைச்சனான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இந்த இடத்தில் யாரும் அவனை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். கப்டன் அவனுக்கு முன்னால் குந்தி இருந்தார்.

"தெபூக்கா, நிமித்தாத பரல் ஏதும் மிச்சம் கிடக்கோ?"

அவன் நிமிர்ந்தான்.

"கிடக்கு. மூண்டு கிடக்கு. சரியான கறள், பாக்க வடிவில்லை. மந்திரி கண்டா வெக்கம் எண்டு அங்காலை ஓலை போட்டு மூடினனான்."

"படுத்துக் கிடக்கோ?"

"படுத்துத்தான்."

பாதையின் மறு முனையில், கரப்பந்து விளையாடும் இடத்துக்கு அருகில், ஓலைக்குக் கீழே அந்த மூன்று அவலட்சணங்களும் கிடந்தன. வண்டி எதுவும் இல்லை. தெபூக்கா ஓடிப்போய்ச் சிலிண்டரை அடித்தான். பாதையை விட்டு ஒதுங்க அடிக்கும் மணி, அன்றைக்கு முழுத் தீவையும் பாதைக்குள் கூப்பிட்டது. பெண்கள், கிழவர்கள், போதகர் எல்லோரும் சேர்ந்து அந்த வெள்ளைத் தெரு நீளத்துக்கும் பீப்பாய்களை உருட்டி வந்தார்கள். உருட்டும்போது பாடினார்கள். பயந்தாலும் அவர்கள் பாடுவார்கள்.

ஒவ்வொன்றிலும் அடியில் இருந்து எடுத்து, விமானத்தின் எரிபொருளோடு கலந்து, மணந்து, கையில் தேய்த்துப் பார்த்தேன். சுத்தம். மூன்றும் சுத்தம். எங்களிடம் மிச்சம் இருந்ததோடு அது போதும். தெபூக்கா பம்ப் அடித்த வேகத்தில் கைபிடி கழன்றுவிடும் போல இருந்தது. கப்டன் இரண்டாவது தடவை கண்ணாடியைக் கழற்றினார்.

"சிவா, திருப்தியோ?"

"ஓம், கப்டன்."

வைத்தியசாலைத் தீவின் பாதை கண்ணுக்குத் தெரிந்தபோது சூரியனின் பாதி கடலுக்குள். சில்லு நிலத்தைத் தொட்டபோது முழுவதும் உள்ளே. மெரேயையும் தெபூக்காவையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூவரும் இருட்டில் பாதையில் நின்றோம்.

"இப்ப சொல்லு," என்றார் கப்டன். "கோட்டைக் காண முன்னமே இல்லை எண்டனீ. ஏன்?"

"பூ ஈரமா இருந்தது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நீ ஓம் எண்டிருந்தா நான் போயிருப்பன், சிவா," என்றார்.

அடுத்த நாள் வேறு தீவுகளுக்குப் பறந்தோம். மெரேக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது, இனித்தான் சொல்ல ஏலும் என்பது மட்டும்தான் கிடைத்த செய்தி. என் முறை முடிந்து நான் லண்டன் திரும்பினேன். தவத்திடம் சொன்னதும் அவள் என்னை விம்பிள்டன் பிள்ளையாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மெரே பெயரில் அர்ச்சனை.

"பேர்?" என்று ஐயர் கேட்டார்.

"மெரே."

"நட்சத்திரம்?"

நான் தவத்தைப் பார்த்தேன். தவம் கொஞ்சமும் யோசிக்காமல், "உத்தரட்டாதி எண்டு சொல்லுங்கோ ஐயா," என்றாள். அது அவளுடைய நட்சத்திரம். வெளியே வந்து கேட்டேன். "என்ரை நட்சத்திரத்துக்கு இப்ப பெரிய வேலை ஒண்டும் இல்லை. கொஞ்ச நாளைக்கு அவள் வைச்சிருக்கட்டும்," என்றாள்.

அடுத்த முறை அந்தத் தீவில் இறங்கும்போதே ஜன்னலால் மெரேயைத் தேடினேன். பீப்பாய்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. பூ இல்லை. தெபூக்கா சிலிண்டரடியில் நின்றான். ஓடிப்போய், "மெரே எங்கை?" என்றேன்.

"வீட்டிலை," என்றான். பம்பைப் பொருத்தப் போய்விட்டான். உயிரோடு இருக்கிறாள், ஆனால் எப்படி இருக்கிறாள்? சாடியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

எரிபொருள் பார்த்து நிரப்பினோம். ஆட்களை நிறுத்து ஏற்றினோம். கப்டன் எங்களைக் கூப்பிட்டார். தெபூக்கா வழக்கம்போல ஒதுங்கப் போக, அவனையும் கையசைத்து இறக்கைக்குக் கீழே வரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு முதல் கேள்வி எனக்கல்ல.

"தெபூக்கா, திருப்தியோ?"

அவன் நேரம் எடுத்தான். சில்லுகளைப் பார்த்தான். இறக்கையைப் பார்த்தான். ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இல்லை," என்றான்.

பயணிகள் உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தார்கள். சூசன் என்னைப் பார்த்தார், நான் பீப்பாய்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தானே இருந்தது. கப்டன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சரி," என்றார். பயணிகளை இறக்கி நிழலில் இருத்தினார். நாங்களும் இருந்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தெருவின் தொலைவில் ஒரு உருவம் தெரிந்தது. மெல்ல, மிக மெல்ல, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தது. பாதி உடம்பாக இளைத்திருந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் பானை தூக்கி வந்தார்கள். வெட்டின இடம் இன்னும் வலிப்பதால் அவளால் கெதியாக நடக்க ஏலாது. நாங்கள் புறப்பட முன் வந்து சேரமாட்டாள் என்று தெபூக்காவுக்குத் தெரியும்.

மெரே எங்களுக்கு அருகில் வந்ததும் உட்காரவில்லை. நேரே போய்த் தராசில் ஏறினாள். எடையைப் படித்தான் தெபூக்கா. தீவில் அவ்வளவு குறைந்த எடைக்கு அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு, அந்த மனிதரோடு பறக்கக் கிடைத்ததற்கு, அன்றைக்கு அந்தத் தரையில் நிற்கக் கிடைத்ததற்கு எல்லாக் கடவுளுக்கும் நன்றி சொன்னேன்.

மீனும் தேங்காய்ப்பால் சோறும் எல்லோரும் சாப்பிட்டோம், பயணிகளும்தான். பிறகு கப்டன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"தெபூக்கா, இப்ப?"

அவன் மெரேயைப் பார்த்தான். அவள் வெறும் பானையைச் சரித்துக் காட்டினாள்.

"இப்ப ஓம்," என்றான்.